யாரும் துடைக்காத சாம்பல் கட்டம்

சாம்பலார் என்று அவருக்குப் பெயர் வைத்தவர் விளம்பர அதிகாரி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஒரே மாதத்தில் முகத்துக்கு நேராகவே புழங்க ஆரம்பித்தது. வைத்தவர் கேலியாகத்தான் வைத்தார். வாங்கிக்கொண்டவரோ பட்டம் கிடைத்ததுபோல வாங்கிக்கொண்டார். விண்வெளி ஆய்வு நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலை அட்டை வைத்து அடைத்த அறையில் உட்கார்ந்து, செவ்வாய்க் கிரகத்திலிருந்து வரும் படங்களுக்கு நிறம் சரிசெய்வது அவர் வேலை. அறையின் சுவர் சாம்பல். மேசை சாம்பல். அவர் சட்டையும் சாம்பல்தான்; கலர் சட்டை போட்டால் அதன் சாயல் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. விளம்பர அதிகாரி ஆரஞ்சுச் சட்டையில் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, அங்கேயே பேச்சை முடித்து அனுப்பிவிடுவார்.

செவ்வாயில் இறங்கி ஊர்ந்துகொண்டிருந்த வண்டி அனுப்பும் படம், வந்து சேரும்போது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர்போலப் பச்சையாக இருக்கும். அதில் எது கல்லின் நிறம், எது கேமராவின் கோளாறு, எது அங்குள்ள வெளிச்சத்தின் சேட்டை என்று பிரித்தெடுக்க வேண்டும். அதற்காகவே வண்டியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வண்ணத் தட்டைத் திருகி அனுப்பியிருந்தார்கள். அதில் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்களோடு ஒரு சாம்பல் கட்டமும் உண்டு. கிளம்புவதற்கு முன் இங்கே அளந்து வைத்த, எந்த நிறத்தின் பக்கமும் சாயாத சாம்பல். அங்கே எடுத்த படத்தில் அது பழுப்பாகத் தெரிந்தால், அந்தப் பழுப்பு வெளிச்சத்தினுடையது. எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவையும் படம் முழுவதிலிருந்தும் கழித்துவிட்டால், அந்தக் கற்களை நம் வீட்டு வாசல் வெயிலில் வைத்தால் எப்படி இருக்குமோ அந்த நிறம் வந்துவிடும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் சாம்பலார் இதைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவரின் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும்.

அவருக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். ஜனங்கள் என்றால், சிவப்புக் கிரகம் என்று பள்ளியில் நெட்டுருப் போட்டதை வைத்துக்கொண்டு, படம் செக்கச் செவேலென்று இல்லாவிட்டால் ஏமாந்துபோகிற கூட்டம். இயக்குநர் என்றால், எந்தப் படத்தைக் காட்டினாலும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கலாமே என்று சொல்லத் தெரிந்த மனிதர். சூப்பைப் பற்றிச் சொல்கிறாரா கிரகத்தைப் பற்றிச் சொல்கிறாரா என்று சாம்பலார் சத்தமாகவே கேட்டிருக்கிறார். விஞ்ஞானிகள் மேலும் அவருக்குக் கோபம்தான், ஆனால் அதை அவர் வெளியே சொல்வதில்லை. காரணம், அவர்கள் இவர் செய்யும் படங்களைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது எண்கள். அதற்குத் தனிக் கணக்கு, தனி ஆட்கள். சாம்பலார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிசெய்த படங்கள் எல்லாம் அவர் இளக்காரமாக நினைத்த அதே ஜனங்களுக்காக மட்டும்தான்.

இந்தக் கர்வம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ வரை போக வேண்டும்.

இருபத்தேழு வயதில் அவர் அங்கே முகம் வெளுப்பவராக இருந்தார். வேலையின் பெயர் வேறு, செய்தது அதைத்தான். வந்து உட்காருகிறவர்கள் மாநிறமோ கறுப்போ, படம் வெளியே போகும்போது வெளுத்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். நம் ஆள் அதில் சூரர். முகம் வெளுத்ததே தெரியாமல் வெளுப்பார். அவருக்கு மூன்று வயது மூத்த அக்கா, பெரிய துணிக்கடை ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, கேட்காமலேயே கைவரிசையைக் காட்டிவிட்டார். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் படத்தைப் பார்த்தார், எதிரில் நின்ற பெண்ணைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் வாசலையும் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "இந்தப் படத்துல இருக்கறவங்க வரலியா?" என்று கேட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். அழவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்து, படம் ஏன் அப்படி வந்தது என்று மட்டும் கேட்டாள். ஸ்டுடியோ வெளிச்சம் அப்படி, புது விளக்கு மாட்டியிருக்கிறார்கள் என்றார் தம்பி. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு தையல் நூல் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதற்கும் படம் தேவைப்பட்டது. தான் வெளுத்து அச்சடித்துக் கொடுத்திருந்த பிரதிகளில் ஒன்றைத்தான் அவள் கொடுத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு, ஒரு வேலை போனாலும் தன் படம் இன்னொன்றை வாங்கிக்கொடுத்துவிட்டதே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு ஸ்டுடியோவை விட்டார், படித்தார், தேர்வு எழுதினார், இந்த நிலையத்துக்குள் வந்தார். இனி எந்த நிறத்திலும் பொய் சொல்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். செய்த தப்பைச் சொல்வதைவிடத் தீர்மானம் செய்துகொள்வது சுலபம், பாருங்கள்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்கு மனமில்லை; தம்பியோடு ஒரே கூரையின் கீழ் இருக்க அக்காவைத் தவிர வேறு யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளில் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. அவரிடம் சொத்து என்று எதுவும் சேரவில்லை. என் படத்தில் பொய் இல்லை என்ற ஒரு பேச்சு மட்டும் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நிலையம் முழுவதையும் மிரட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி இறங்கி ஒரு வருடம் ஆவதையொட்டி, நுழைவுக் கூடத்தின் சுவர் முழுவதையும் அடைக்கிற அளவுக்கு ஒரு படம் வைப்பது என்று முடிவாயிற்று. இயக்குநர் சூடு கேட்டார், அதாவது இன்னும் சிவப்பு. சாம்பலார் முடியாது என்றார். ஆறு வாரம் இழுபறி. விளம்பர அதிகாரி சமாதானம் பேச வந்து, உண்மையிலேயே படங்கள் இப்போதெல்லாம் கொஞ்சம் நீலம் அடிப்பதுபோலத் தோன்றுகிறதே என்று வாயைக் கொடுத்தார். "உங்களுக்குத் தக்காளி வேணும்னா காய்கறிக் கடைக்குப் போங்க" என்றார் சாம்பலார். அந்த வாக்கியம் ஒரு நாளைக்குள் ஐந்து மாடியும் ஏறி இறங்கியது. கடைசியில் இயக்குநர் சலித்துப்போய்ச் சம்மதித்தார். சாம்பலார் சொல்கிற நிறமே இருக்கட்டும். அடியில் பித்தளைத் தகட்டில் 'உண்மையான நிறம்' என்று பொறித்துவிடலாம் என்றார். அன்று சாம்பலார் நடந்த நடையைப் பார்த்தவர்கள், கிரகத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார்கள்.

மாதிரிக்கு அச்சடித்த சிறிய பிரதி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். அவள் நூல் கடையில் நிறம் பொருத்துகிறவள். வாடிக்கையாளர் துணியைக் கொடுத்தால், நாற்பது பச்சைக்குள் அந்தத் துணியின் பச்சையை எடுத்துக் கொடுப்பாள். விளக்கை நம்ப மாட்டாள். எதையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்பாள். இந்தப் படத்தையும் அப்படியே பிடித்தாள்.

"ஏன்டா, கல்லெல்லாம் குளிர்ல விறைச்ச மாதிரி கிடக்கு?"

சாம்பலார் பொறுமையாக, அதாவது இளக்காரமாக, விளக்க ஆரம்பித்தார். வண்ணத் தட்டு, சாம்பல் கட்டம், அதில் கூடுகிற பழுப்பு, அதைக் கழிக்கிற கணக்கு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முழுவதும் கேட்டுக்கொண்டாள். அவள் கடையில் நூல்களின் நிறங்களை வரிசையாக ஒட்டிய ஓர் அட்டை உண்டு. அதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைப்பாள். ஒரு வாரம் விட்டால் வெள்ளை நூல் சந்தன நிறத்துக்குப் போய்விடும்.

"அந்தத் தட்டை யாரு துடைக்கிறா?" என்று கேட்டாள்.

அங்கே ஆள் ஏது என்று சிரித்தார் சாம்பலார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வண்ணத் தட்டின் படத்தைப் பெரிதாக்கினார். தினமும் பார்க்கிற தட்டுதான். நூற்று நாற்பது நாளைக்கு முன்னால் அங்கே ஒரு புழுதிக்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. சாம்பல் கட்டம் பழுப்பாக இருந்தது, நடுவில் ஒரு மிளகு அளவு இடம் மட்டும் சாம்பலாக. தூசி இரும்புச் சத்து உள்ளது என்பதால், அதை ஓரங்களுக்கு இழுத்துக்கொள்ள ஒரு காந்த வளையத்தை அடியில் பொருத்தி, நடுப்புள்ளி மட்டும் சுத்தமாக இருக்கும்படி செய்து அனுப்பியிருந்தார்கள் வண்டியைக் கட்டியவர்கள். கையேட்டில் அது எழுதியிருந்தது. தூசி சேர்ந்தபின் நடுப்புள்ளியை மட்டும் அளக்கவும் என்ற வரியின் அடியில் பென்சில் கோடு. கோடு போட்டவர் வேறு யாருமில்லை, அவரேதான். மற்றவர்கள் கையேட்டையே படிப்பதில்லை என்று அதைக் காட்டிப் பல பேரை மட்டம் தட்டியும் இருக்கிறார்.

ஆனால் முதல் நாள், தட்டு பளிச்சென்று இருந்தபோது, எந்த இடத்தை அளப்பது என்று திரையில் குறிக்கும் அளவுப் பெட்டியைக் கட்டம் முழுவதற்கும் போட்டு, வேறு யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று கடவுச்சொல் வைத்துப் பூட்டியிருந்தார். பூட்டு நன்றாக வேலை செய்தது; அவரும் கைவைக்கவில்லை. தூசியின் பழுப்பை எல்லாம் வெளிச்சத்தின் பழுப்பு என்று எண்ணி நூற்று நாற்பது நாளாகக் கழித்துக் கழித்து, படங்களை நீலமாக்கியிருந்தார். நேற்றைய படத்தைப் பார்த்த கண்ணாலேயே இன்றைய படத்தையும் பார்த்ததால் உறைக்கவில்லை. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டால் சுத்தமாகத் தெரிவதுபோல, காற்று ஓய்ந்தபின் அந்தக் கிரகம் எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று மெச்சிக்கொண்டதுகூட நினைவுக்கு வந்தது. அந்த ஆரஞ்சுச் சட்டை சொன்னது சரி என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

இனி என்ன செய்வது? பெட்டியைச் சுருக்கினார். நடுப்புள்ளியை அளந்தார். கற்கள் மெல்ல வெதுவெதுப்பாகின. பழுப்பும் மங்கிய துருவும் திரும்பி வந்தன. சுவர்ப் படத்தின் புதுப் பிரதியை, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், விளம்பரத் துறைக்கு அனுப்பிவிட்டார். பழைய படங்களையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற புத்தி இந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது என்று கணக்குப் போட்டார். அது சரியான கணக்குதான். பொய் சொல்வதில்லை என்ற மனிதர் பூசி மெழுகுவதில் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று பிற்பகல் விளம்பர அதிகாரி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். புதுப் பிரதியை இயக்குநர் பார்த்துவிட்டாராம், மிகவும் சந்தோஷமாம். ஒரு வழியாகச் சாம்பலார் இறங்கி வந்துவிட்டார், கொஞ்சம் சூடு ஏற்றிவிட்டார், பிடிவாதக்காரராக இருந்தாலும் நல்லவர் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாளைக் கூட்டத்தில் பாராட்டப்போகிறாராம். "எனக்குத் தெரியும் சார், நீங்க வழிக்கு வருவீங்கன்னு" என்று சொல்லி, தோளில் வேறு தட்டிவிட்டுப் போனார்.

சாம்பலாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. வாழ்நாளிலேயே மிகச் சரியான ஒரு படத்தைச் செய்து கொடுத்த அன்று, அதற்காகவே தன்னை விலைபோனவன் என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், மேலதிகாரிக்காக நிறத்தை மாற்றியவன் என்ற பெயர். வாயைத் திறந்தால், நூற்று நாற்பது நாள் தப்பான நிறத்தை உண்மை என்று ஊருக்குக் காட்டிய முட்டாள் என்ற பெயர். பாதுகாக்க வேறு பெயர் எதுவும் மிச்சமில்லை.

வீட்டில் அதை அக்காவிடம் சொன்னார். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கு என்ன சொல்லப்போற? வெளிச்சம் அப்படின்னு சொல்வியா?" என்று கேட்டாள்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் இயக்குநர் எழுந்து, விட்டுக்கொடுத்துப் போவது என்பது எவ்வளவு பெரிய குணம் என்று கால் மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்து கைதட்டல் அடங்கும்வரை சாம்பலார் காத்திருந்தார்.

"நான் விட்டுக்கொடுக்கல. தப்பு பண்ணிட்டேன். தட்டுல தூசி படிஞ்சிருந்தது, நான் பார்க்கல. நூத்தி நாப்பது நாள் படமும் நீலமா போயிருக்கு. இவர் சொன்னாரு, நான் கேக்கல" என்று சொல்லி விளம்பர அதிகாரியைக் கையால் காட்டினார்.

அறையில் யாருக்கும் என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தக்காளி என்று எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பு. நாலைந்து பேர் குனிந்து சிரித்தார்கள். அத்தனை படங்களுக்கும் கீழே திருத்தக் குறிப்பு போட வேண்டும் என்றார் சாம்பலார். போடலாம் என்றார் இயக்குநர். போட்டார்கள், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் இன்றைக்கும் கிடைக்கும். இயக்குநருக்குக் கோபமே இல்லை. மனம் குளிர்ந்துபோயிருந்தார். அந்தச் சாம்பல் கட்டத்தையே நம்ப முடியாது என்று ஆகிவிட்ட பிறகு, இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார். நடுப்புள்ளியை நம்பலாம் என்று சாம்பலார் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தப்பை ஒப்புக்கொண்டவன் பேச்சுக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு. சுவர்ப் படத்தின் கடைசி நிறத்தை அச்சகத்திலேயே பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவாயிற்று.

அச்சகம் பார்த்துக்கொண்டது. திறப்பு நாளன்று கூடத்துக்குள் நுழைந்தால் கண் கூசியது. சுவர் முழுவதும் தக்காளி. கல் எது, மணல் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத ஒரே சிவப்பு. அடியில் பித்தளைத் தகடு பளபளத்தது: உண்மையான நிறம். தகட்டையாவது கழற்றுங்கள் என்று சாம்பலார் மூன்று பேரிடம் கேட்டார். திருகு போட்டாகிவிட்டது என்று மூன்று பேரும் சொன்னார்கள். ஜனங்கள் வந்தார்கள், அசல் செவ்வாய் என்றால் இதுதான் என்று பூரித்துப்போனார்கள்.

அக்காவும் வந்திருந்தாள். விளம்பர அதிகாரி இப்போது சாம்பலாருக்குச் சிநேகிதராகிவிட்டார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தன் பக்கம் கையைக் காட்டியதை அவர் மறக்கவில்லை. அக்காவையும் தம்பியையும் சுவருக்கு முன்னால் நிறுத்தித் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து அதை நல்ல தாளில் அச்சடித்து, உறையில் போட்டு, அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

சாம்பலார் உறையைப் பிரிக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கிப் பிரித்து, வழக்கப்படி வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்னால் தக்காளிச் சுவர். முன்னால் இரண்டு பேர், சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து, கன்னத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். எடுக்கிற முகத்தை எல்லாம் தானாகவே வெளுத்துக் கொடுக்கிற ரகம் அந்தக் கைபேசி. அதற்குச் சம்பளம்கூட வேண்டாம். அக்கா படத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் அறையையும் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சார், இந்தப் படத்துல இருக்கறவங்க வரலியா?"

இருபத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் திரும்பச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரலில் அந்த மேலாளரின் மரியாதை அப்படியே இருந்தது. சாம்பலாருக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதைவிட இது சிரமமாக இருந்தது.

"அக்கா, அன்னைக்கு ஸ்டுடியோ வெளிச்சம் இல்ல. நான்தான் உன் மூஞ்சிய வெளுத்தேன்."

அக்கா படத்தை உறைக்குள் போட்டு மூடினாள்.

"தெரியும்டா. அதனாலதான் நூல் கடைக்குப் போறப்ப எதிர்த் தெரு ஸ்டுடியோவுல வேற படம் எடுத்துக்கிட்டேன்."